மோகன் போட்ட ‘தாங்கு’

நாங்கள் கப்பு ஜெயித்த அன்றைக்கு என் வாயில் ஒரு கசப்பு வந்தது. பித்தம் ஏறினால் வருமே, அந்த மாதிரி. இன்னும் போகவில்லை. ஜெயித்த கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் பார்த்தது இது.

முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்கு லாரியில் வரும் கல்லை இறக்குவது எங்கள் பிழைப்பு. செதுக்குகிறவர்கள் வேறு, நாங்கள் வேறு. கிரேன் நுழைகிற கூடத்துக்குக் கிரேன் வரும். நுழையாத சந்துக்கு நாங்கள் போவோம். லாரியின் பின்னால் பனங்கட்டைகளைச் சாய்த்து வைத்து, கல்லுக்கு வடம் கட்டி, மேலே நிற்பவர்கள் கடப்பாரையால் நெம்ப, கீழே நிற்பவர்கள் தோள் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பெரிய கல் என்றால் குவாரியிலிருந்து கல்லோடு வரும் ஆட்களும் எங்களோடு சேர்ந்து தோள் கொடுப்பார்கள்.

ஒருவர் மட்டும் தோள் கொடுக்க மாட்டார். முன்மூலையில் நின்று குரல் கொடுப்பார். “தள்ளு” என்றால் தள்ள வேண்டும், “விடு” என்றால் விட வேண்டும். அந்த இரண்டையும் அவர் ஒருவர்தான் சொல்லலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு. “தாங்கு.” அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நேற்று வேலைக்கு வந்தவன்கூடச் சொல்லலாம். கையோ காலோ கல்லுக்கு அடியில் போய்விட்டது என்று அர்த்தம். காதில் விழுந்தால் சுமையோடு அப்படியே நிற்க வேண்டும். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கல் திரும்பும். அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட யாரும் எடுக்க மாட்டோம். குடித்துவிட்டுப் பெற்றவளை இழுத்துத் திட்டுகிறவன்கூட அதைத் தொட்டதில்லை. வீட்டில் பானை சரிந்தால் “புடி புடி” என்போமே தவிர “தாங்கு” என்று சொல்ல வாய் வராது.

எனக்கு இரண்டு கால் இருப்பது அந்தச் சொல்லால். தொண்ணூற்றாறில் ஒரு கல் கட்டையை விட்டுச் சறுக்கி என் முழங்காலை மடக்கிப் பிடித்தது. நான்தான் கத்தினேன். குவாரி ஆட்களில் உலகநாதன் என்று ஒருவர் என் பக்கத்து மூலையில் நின்றிருந்தார். என் பேர்கூட அவருக்குத் தெரியாது. என் காலை உருவி எடுக்கும்வரை அந்த மூலையை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய காறை எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் நானும் அவரும் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம். ஊரும் வேறு, சாதியும் வேறு.

அந்த முழங்கால் வயசாக ஆகப் படுத்தத் தொடங்கியது. தோளை விட்டுவிட்டுக் குரலுக்கு வந்தேன். சில வருஷத்தில் அதுவும் முடியவில்லை. குரல் கொடுப்பவன் லாரியைச் சுற்றி ஓட வேண்டும், கட்டைமேல் ஏறி இறங்க வேண்டும். என் தங்கை பூங்கொடியின் மகன் மோகன் எங்கள் கூட்டத்தில் இருந்தான். நல்ல கண், கணீரென்ற தொண்டை, பதறாத பையன். அவனிடம் குரலை விட்டுவிடுவது என்று எல்லாரும் பேசி முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை ரக்பி பைனல். திங்கட்கிழமை ஒரு நந்திக்குப் பெரிய கல் வருகிறது, உலகநாதன் ஆட்களும் வருகிறார்கள். அந்தக் கல்லுக்கு மோகன் குரல் கொடுப்பான், நான் வீட்டில் காலை நீட்டி உட்காருவேன். அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லித்தான் அந்த வருஷம் முழுக்க என் முழங்காலைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ரக்பி எங்கிருந்து வந்தது என்றால் சிறுசேரியிலிருந்து வந்தது. அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஹரிகிருஷ்ணன் சார் லீவு நாளில் கடற்கரைக்கு வருவார். ஒருநாள் நாங்கள் கல் இறக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையிலிருந்த இளநீரைக் குடிக்க மறந்துவிட்டார்.

“நீங்க பண்றதுக்குப் பேரு ஸ்க்ரம், தெரியுமா?” என்றார்.

“இல்ல சார், இதுக்குப் பேரு கூலி,” என்றான் மோகன்.

அடுத்த வாரம் பப்பாளிக்காய் மாதிரி ஒரு பந்தோடு வந்தார். கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். கொடுப்பதென்றால் பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்கலாம், முன்னால் போடக் கூடாது. எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி, அப்புறம் அதைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. அவர் கற்றுக்கொடுத்தது ஏழு பேர் ஆட்டம். மூன்று பேரும் மூன்று பேரும் தோளோடு தோள் மாட்டித் தள்ளுவதுதான் அந்த ஸ்க்ரம். அதில் எங்கள் பையன்களை அசைக்க ஆள் கிடையாது. லாரிக்கல்லைத் தள்ளுகிறவனுக்கு மூன்று ஆள் ஒரு சுமையா?

நான் அந்த ஆட்டத்துக்குப் பைத்தியமாகிவிட்டேன், மறைப்பதற்கில்லை. கூடுவாஞ்சேரியில் ஆட்டமென்றாலும் பஸ் பிடித்துப் போவேன். பனியனில் ‘மல்லை’ என்று தமிழில் போட்டிருந்தது. முப்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டியவன் நான். பையன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும்போது அந்த மூன்று எழுத்தையும் ஒவ்வொரு முதுகிலும் படிப்பேன். என் பெண்டாட்டி கேட்பாள், “வேலையில தள்ளினது போதாதுன்னு லீவுலயும் தள்ளினு கீறானுங்க. அத்த பாக்க நீ பஸ்ஸு ஏறி வேற போற. கொழுப்புதானே?” என்று. கொழுப்புதான். அந்த முழங்காலோடு நான் குதித்தது அந்த ஆட்டங்களில்தான்.

எங்களைப் பார்த்து உலகநாதன் ஆட்களும் ஆடத் தொடங்கினார்கள். ஹரிகிருஷ்ணன் சாரின் சிநேகிதர் ஒருவர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த வருஷம் செங்கல்பட்டில் நடந்த போட்டியில் காலேஜ் பையன்கள், ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் தோற்று வெளியேற, பைனலில் நின்றது அவர்களும் நாங்களும். ஒரே கல்லை அந்த முனையில் ஏற்றுகிறவர்களும் இந்த முனையில் இறக்குகிறவர்களும். எனக்கு அது கல்யாண வீடு மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நம்ம பக்கம் என்று நினைத்தேன். ஆனால் நாங்கள்தான் ஜெயிக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

மைதானத்து வேலியோரம் நானும் உலகநாதனும் ஒரே சாக்கில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ரயில்பாதை. ரயில் போகும்போதெல்லாம் ஜன்னலில் தலைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு போயின. வேர்க்கடலை வாங்கி நடுவில் வைத்துக்கொண்டோம்.

“இன்னா மச்சான், துண்டு புதுசா கீது?” என்றார்.

“ஜெயிச்சா சுத்தணுமே. அதான் வாங்கியாந்தேன்.”

“அப்ப மடிப்பு கலையாம வூட்டுக்கு எடுத்துனு போ. தலையாவது தொவட்டிக்கலாம்.”

“பாக்கத்தான போற.”

“நீதான் பாக்கப்போற. எங்க மோசஸ் பந்த எடுத்தான்னா ஒங்காளுங்க அவன் முதுகத்தான் பாப்பானுங்க. பாவம், அதுல எழுத்துகூட கிடையாது ஒனக்குப் படிக்க.”

மோசஸ் என்ற பையன் குவாரியில் வடம் பிடிக்கிறவன். ஒல்லி. பேசவே மாட்டான். ஆனால் ஓடினால் கண்ணுக்குப் பிடிபட மாட்டான். உலகநாதன் சொன்னது பொய் இல்லை என்று முதல் பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஸ்க்ரத்தில் நாங்கள் தள்ளினோம், ஓட்டத்தில் அவர்கள் போனார்கள். மாறி மாறி ஏறியது. நான் கத்தினேன், அவர் கத்தினார். ஒருவர் தொடையை ஒருவர் அடித்துக்கொண்டோம். கடைசி நிமிஷத்தில் அவர்கள் பன்னிரண்டு, நாங்கள் பத்து.

அப்போது பந்து மோசஸ் கைக்குப் போனது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் பாய்ந்து மண்ணைப் பிடித்தார்கள். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை, கோடுதான் இருந்தது. பின்னால் மோகன் துரத்திக்கொண்டு வந்தான். எட்ட முடியாது என்று எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும். சரி, போச்சு, நல்ல ஆட்டம் என்று துண்டை மடியில் வைத்தேன்.

“தாங்கு.”

மோகன் குரல். வெறும் சத்தம் இல்லை. கல்லுக்கு அடியில் கை போனவன் போடுவானே, அடிவயிற்றிலிருந்து, உடைந்து, அந்தக் குரல். எங்கிருந்து கற்றுக்கொண்டான்? நாங்கள் எல்லாரும் அலறியதைக் கேட்டுக் கேட்டுத்தான்.

என் கையில் பாதி உரித்த கடலை அப்படியே நின்றது. பக்கத்தில் உலகநாதனின் தோள், அந்த முறிந்து சேர்ந்த தோள், தானாக மேலே ஏறி இறுகியது. மைதானத்தில் அவர்கள் பக்கம் ஏழு பேரும் நின்றார்கள். எங்கள் பையன்களும் நின்றார்கள். வேலியோரம் பார்க்க வந்த கல்வேலை ஆட்கள் அத்தனை பேரும் திறந்த வாயை மூடாமல் நின்றார்கள்.

மோசஸும் நின்றான். ஓடுகிற காலை ஊன்றி, பந்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தோளை இறுக்கி நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது என்றுதானே நாங்கள் எல்லாரும் பழகியிருக்கிறோம்?

மோகன் வந்து அவன் கையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டான். பிடுங்கக்கூட இல்லை. ஆணியில் மாட்டிய சட்டையை எடுப்பதுபோல எடுத்தான். திரும்பி, நின்றுகொண்டிருந்தவர்கள் நடுவில் மைதானம் முழுக்க ஓடி, அவர்கள் பக்கத்துக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான். ரெப்ரி விசில் ஊதிக் கையைத் தூக்கினார். அவருக்கு என்ன தெரியும்? ஒருவன் கத்தினான், ஒருவன் நின்றான், ஒருவன் பந்தை எடுத்தான். அவ்வளவுதான் அவருக்கு.

முதலில் ஆரவாரம் செய்தது ஹரிகிருஷ்ணன் சாரோடு வந்திருந்த சிறுசேரி ஆட்கள். அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. அப்புறம் எங்கள் கூடத்து ஆட்கள் ஒவ்வொருவராக முழித்துக்கொண்டார்கள். ஒருவன் கை தட்டினான். பக்கத்தில் இருந்தவன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் தட்டினான். அப்படியே பரவியது, சொறி மாதிரி. கடைசியில் எல்லாரும் குதித்தார்கள். கூடவே உட்கார்ந்து சோறு தின்ற முகங்கள்தான்.

உலகநாதன் ஜெயித்ததையும் பார்க்கவில்லை, தோற்றதையும் பார்க்கவில்லை. எழுந்து வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் போனார். “யாருக்குப்பா? யாருக்கு இன்னா ஆச்சி?” என்று ஒவ்வொருவன் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு போனார். ரெப்ரி வெளியே போகச் சொன்னார். அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார், “யாரு மச்சான்? யாருக்கு அடி?”

தலையை ஆட்டினேன், யாருக்கும் இல்லை என்று. அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தோளைக் கீழே இறக்கினார். மோசஸ் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, என் பக்கம் வராமலே வேன் நின்ற இடத்துக்குப் போய்விட்டார். சாக்கில் கடலைத்தோலும் என் புதுத் துண்டும் கிடந்தன. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் எங்களுக்குப் பிரியாணி. கப்பில் கலர் ஊற்றி ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு விளையாட்டு வேறு தொடங்கினார்கள். ஒருவன் குடிக்கப் போகும்போது இன்னொருவன் “தாங்கு” என்பான். குடிப்பவன் அப்படியே சிலையாக நிற்க வேண்டும், கலர் தாடையில் ஒழுக வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். காலையில் வாய் வராத சொல் மத்தியானம் எச்சிலோடு கலந்து சிந்திக்கொண்டிருந்தது.

ஹரிகிருஷ்ணன் சார் என்னிடம் வந்து உட்கார்ந்தார். யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்கிறார்கள்.

“அண்ணே, அந்த வார்த்தைக்கு அவ்வளவு பவரா? சான்ஸே இல்ல. சரியான மைண்ட் கேம். அடுத்த வருஷம் டீ-ஷர்ட்ல பெருசா ‘தாங்கு’ன்னே போட்டுடலாம்.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கல் தெரியாது. இலையை மடித்துவிட்டு மோகனைத் தனியே கூப்பிட்டேன். கழுத்தில் மெடலோடு வந்தான்.

“இன்னாடா பண்ணி வச்ச?”

“இன்னா மாமா பண்ணேன்? ஜெயிச்சிகீறோம்.”

“எந்த வாயால அந்தக் கொரல போட்ட?”

“ரூல்ல எங்கனா போடக்கூடாதுன்னு கீதா? ரெப்ரியே ஒண்ணும் சொல்லல.”

“ரெப்ரி கல்லு எறக்கினவனா?”

“இங்க கல்லு எங்க மாமா கீது? புல்லு தரை. யாரு காலு போச்சி, சொல்லு. சும்மா பேஜாரு பண்ணாத.” பிறகு சிரித்துக்கொண்டே என் தோளில் கிடந்த துண்டை இழுத்தான். “நீயும் ஜெயிக்கணும்னுதான துண்டு வாங்கியாந்த. சுத்து மாமா.”

துண்டை அவனிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவன் அதைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரில் செய்தி வந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘கேப்டன் மோகனின் சமயோசித புத்தி’ என்று போட்டிருந்தது. சமயோசிதம் என்றால் என்ன என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். நேரம் பார்த்து நடந்துகொள்வது என்றார். பேப்பரை மடித்து வைத்தேன். வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெண், படித்தால் எல்லாம் விளங்கும் என்று சொல்லும். விளங்கத்தான் விளங்கியது.

வீட்டில் உட்காராமல் கூடத்துக்குப் போனேன். நந்திக்கல் லாரியில் சந்துக்குள் வந்து நின்றிருந்தது. கட்டைகள் சாய்த்தாகிவிட்டது. முன்மூலையில் மோகன் நின்றான், மெடலைக் கழற்றவில்லை. குவாரி ஆட்கள் தோள்துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் மோசஸும் இருந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“யாரு கொரலு?” என்றார் உலகநாதன்.

“நான்தான் அண்ணாத்த,” என்றான் மோகன்.

உலகநாதன் தோள்துணியை அவிழ்த்து உதறி, தரையில் விரித்து உட்கார்ந்தார். அவர் ஆட்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கோபமாகப் பேசவில்லை.

“நீங்க எறக்கிக்கங்கப்பா. நாங்க ஏத்தியாச்சி, எங்க வேல முடிஞ்சிது.”

எங்கள் ஆட்கள் மட்டும் அந்தக் கல்லைத் தொட முடியாது. கல்லைப் பார்த்த எவனுக்கும் அது தெரியும். கூடத்துக்காரர் இரண்டு தரம் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். மோகன் என்னைப் பார்த்தான்.

“மோகனு, நீ பின்னால வடத்துக்குப் போ,” என்றேன்.

“ஒரு ஆட்டத்துக்காவா மாமா?”

“ஆட்டத்துக்கு இல்லடா. நேத்து நீ போட்டப்ப நானும் நின்னேன். இன்னிக்கு நீ போட்டா நிப்பனான்னு எனக்கே தெரில.”

அவன் முகம் சுருங்கியது. தங்கை மகன், நான் தூக்கி வளர்த்த பையன். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் முன்மூலையை விட்டுப் பின்னால் போனான். புதிதாக வருபவர்களை நிறுத்துகிற இடம் அது.

நான் மோசஸிடம் போனேன். “தம்பி, நீ கொரல் குடு,” என்றேன். எங்கள் ஆட்களிடம் முணுமுணுப்பு எழுந்தது. கோட்டுக்கு முன்னால், ஜெயிக்கிற இடத்தில், சொல்லைக் கேட்டு நின்றவன் அவன் ஒருவன்தான். அவனைவிட யாரை நம்புவது?

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“நான் குடுக்கறேன் அண்ணாத்த. நான் தாங்குன்னா ஒங்காளுங்க நிப்பாங்களா?”

எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். முந்தின நாள் கலரை ஒழுகவிட்டுச் சிரித்த வாய்கள். ஒருவனும் “நிப்போம்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அதைக் கொண்டுபோய் அந்தப் பையனிடம் கொடுத்திருப்பேனா என்று தெரியாது.

“கேட்டா பதில் சொல்லு மச்சான்,” என்றார் உலகநாதன், உட்கார்ந்தபடியே.

முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நானே முன்மூலைக்குப் போனேன். கட்டைமேல் ஏறும்போது கால் நடுங்கியது. உலகநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து தோள்துணியைக் கட்டிக்கொண்டு, தன் பழைய மூலைக்கு வந்து தோளைக் கொடுத்தார். அவர் வந்ததும் மற்றவர்கள் வந்தார்கள்.

இத்தனை வருஷம் குரல் கொடுத்திருக்கிறேன். குரல் கொடுப்பவன் பார்க்க வேண்டியது கல்லை மட்டும்தான், ஆட்களைப் பார்க்கத் தேவை இருந்ததில்லை. அன்றைக்கு “தள்ளு” என்று சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.